சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டீர்களா? முதல் மாதத்துக்கு ஒரு வழித்துணை

எம்.ஏ. தமிழ் நேர்காணலுக்குக் கடிதம் வந்தபோது, திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பினேன். கிண்டியில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ‘யுனிவர்சிட்டி’ என்றேன். அவர் அண்ணா பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டார். அங்கிருந்த காவலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டு, ‘இது அண்ணா யுனிவர்சிட்டி தம்பி, மெட்ராஸ் யுனிவர்சிட்டி பக்கத்துல’ என்றார். அங்கே போனால், ‘தமிழா? அது பீச்சுல இருக்கே’ என்றார்கள். பத்து மணி நேர்காணலுக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றேன். பேராசிரியர் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் வளாகம் எது?

சென்னைப் பல்கலைக்கழகம் ஒரே மதில் சுவருக்குள் இருக்கும் இடம் அல்ல. நகரத்தில் பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. துணைவேந்தர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, பெரிய நூலகம், தொலைநிலைக் கல்வி நிறுவனம், வரலாறு, பொருளியல் போன்ற துறைகள் எல்லாம் சேப்பாக்கம் வளாகத்தில். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் போன்ற மொழித்துறைகள் அதே கடற்கரைச் சாலையில் தெற்கே தள்ளி இருக்கும் மெரினா வளாகத்தில். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தை ஒட்டி. மருத்துவம் சார்ந்த அடிப்படை அறிவியல் துறைகள் தரமணியில். மதுரவாயலில் தாவரவியலுக்கு ஒரு கள ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆகவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் துறையின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இந்த நான்கு பெரிய வளாகங்களையும் ஒரே நூலில் கோத்த மாதிரி ஓடுவது பறக்கும் ரயில், அதாவது பாலத்தின் மேல் ஓடும் நகர ரயில். சேப்பாக்கம் வளாகத்துக்குச் சேப்பாக்கம் நிலையம். மெரினா வளாகத்துக்குத் திருவல்லிக்கேணி நிலையம். கிண்டி வளாகத்துக்குக் கோட்டூர்புரம் அல்லது கஸ்தூரிபா நகர். தரமணிக்குத் தரமணியே. கிண்டி வளாகம் என்ற பெயரைப் பார்த்துக் கிண்டி ரயில் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து சர்தார் படேல் சாலை வழியாக இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும். 

பேருந்து என்றால் சேப்பாக்கத்துக்கு அண்ணா சதுக்கம் என்று கேட்டு ஏறுங்கள். நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் பல்கலைக்கழகம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இதைச் சொல்லக் காரணம், வெளியூரிலிருந்து வந்த ஒரு தங்கை இரண்டு மாதம் டீலக்ஸ் பேருந்திலேயே காசு கொடுத்துப் போய் வந்தாள். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே கிழக்கே நடக்கலாம். சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட் போட்டி இருக்கும் நாட்களில் அந்தச் சாலை நகராது. அன்றைக்குத் தேர்வோ நேர்காணலோ இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் பி.ஏ.’ என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் படிப்பது, அல்லது தொலைநிலைக் கல்வியில் படிப்பது. வளாகத் துறைகளில் நடப்பது பெரும்பாலும் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் சேர்க்கைக்காக முதலில் தட்ட வேண்டியது கல்லூரியின் கதவை. வசதி இல்லாத குடும்பமென்றால் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தைப் பற்றி பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விசாரியுங்கள். இணைப்புக் கல்லூரிகளில் அதற்கென்று இடம் ஒதுக்குகிறார்கள். தேதி போனால் போனதுதான்.

சான்றிதழ்கள்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றின் மூலமும் அதில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ். வேறு பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும். இங்கே தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். இதைப் பலர் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு அல்லாடுகிறார்கள். பழைய பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வேலையைச் சென்னைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எந்த அலுவலகமாக இருந்தாலும் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். என் மூலச் சான்றிதழ் ஒன்றை, எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம், நகல்கூட எடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடி ஒன்று வாங்க மூன்று மாதம் அலைந்தேன். கையில் முத்திரையிட்ட ஒரு நகல் இருந்திருந்தால் அத்தனை அலைச்சலும் மிச்சம்.

காலை பதினொரு மணிக்குள் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் ‘சார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாங்க’ என்பது சகஜம். பிரிவில் இருப்பவர்களிடம் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ‘போன மாசம் ஒரு லெட்டர் கொடுத்தேன்’ என்றால் அவர்களால் தேடவே முடியாது, பாவம். அட்டெண்டர் அண்ணன்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். எந்த மேசையில் எந்தக் கோப்பு தூங்குகிறது என்று அவர்களைப் போல யாருக்கும் தெரியாது.

கட்டணம் கட்டிய ரசீது, அடையாள அட்டை, நூலக அட்டை, போனஃபைடு (நீங்கள் இங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று), இந்த வரிசையில் போங்கள். போனஃபைடு கையில் இருந்தால்தான் கல்வி உதவித்தொகை, பயணச் சலுகை, வங்கிக் கணக்கு என்று அடுத்தடுத்த வேலைகள் நகரும். தேர்வு ஒத்திவைப்பு, விடுமுறை எல்லாம் வாட்ஸாப்பில் பறக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். துறை அலுவலகத்தில் உறுதி செய்யாமல் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இடத்தின் கதை தெரிந்துகொண்டு நடங்கள்

முதல் வாரத்தில் ஒரு மாலை இதற்காக ஒதுக்குங்கள். சேப்பாக்கம் வளாகத்தின் செனட் ஹவுஸ் முன்னால் நின்று தொடங்கலாம். நான்கு மூலையிலும் கோபுரங்கள், சிவப்புக் கல், வண்ணக் கண்ணாடி. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874-லிருந்து 1879 வரை கட்டியது. சுற்றிலும் இருக்கும் நிலம் அதற்கு முன்பு ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைத் தோட்டம். இந்தப் பேரவை மண்டபத்தில் பல்கலைக்கழக நிகழ்ச்சிகள் மட்டும் நடக்கவில்லை. 1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் இங்கேதான் கூடியது.

ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் கதை கட்டடத்தில் தொடங்கவில்லை. ஒரு மனுவில் தொடங்கியது. 1839 நவம்பரில், சென்னை மாகாணத்துக்கு உயர்கல்வி வேண்டும் என்று எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுக்கப்பட்டது. அதை முன்னெடுத்தவர் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்டன். அந்தக் காலத்தில் ரயில் கிடையாது, தந்தி கிடையாது. எழுபதாயிரம் கையெழுத்து வாங்க எத்தனை பேர் எத்தனை ஊர் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மனுவின் பயனாக 1841-ல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. வாலாஜா சாலையைக் கடந்தால் அந்தச் சிவப்புக் கட்டடம். பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ல் சட்டப்படி உருவானது. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில் பிறந்தவை. மூன்றுக்கும் லண்டன் பல்கலைக்கழகம்தான் மாதிரி.

இங்கே முதலில் பட்டம் பெற்றவர்கள் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை ஒருவர், கறோல் விசுவநாத பிள்ளை இன்னொருவர். தாமோதரம் பிள்ளை பின்னாளில் கலித்தொகையை ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். வெளியூரிலிருந்து வந்தோமே, இங்கே நமக்கு இடம் இருக்குமா என்று விடுதி அறையில் உட்கார்ந்து கலங்கும் இரவுகள் வரும். எனக்கும் வந்தன. கடல் தாண்டி வந்த இருவர்தான் இந்தப் பட்டியலின் முதல் வரி என்று தெரிந்தபிறகு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கணிதத் துறையின் பெயர் ராமானுஜன் உயர் கணித ஆய்வு நிறுவனம். அதன் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. கணித மேதை ராமானுஜன், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், துறைமுகத்தில் குமாஸ்தா. பட்டமே இல்லாத அவருக்கு 1913-ல் இந்தப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதியைக் காட்டி மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. இதை ஒவ்வொரு ஆய்வு மாணவரும், ஒவ்வொரு அலுவலரும்கூட, நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கிண்டி வளாகக்காரர்களுக்கு ஜி.என். ராமச்சந்திரன் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1952-ல் இயற்பியல் துறைக்கு வந்தவர், 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு அமைப்பைச் சொன்னார். ஆய்வுக்கான கொலாஜன் பக்கத்திலேயே இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும், 1963-ல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம் இன்றைக்கும் உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ‘எங்க லேப்ல வசதி இல்ல’ என்று அலுத்துக்கொள்ளும்போது, பக்கத்து நிறுவனத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

நூலகம்: இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்

இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு, பட்டமளிப்பு விழா அன்றுதான் நூலகக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கட்டிய கட்டணத்தில் பாதி வீண் என்றே சொல்வேன். வகுப்பும் தேர்வும் எந்த ஊரிலும் கிடைக்கும், இந்த நூலகம் கிடைக்காது.

நூலக இயலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் இங்கேதான் 1924-ல் நூலகரானார். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். வந்த புதிதில் வேலையே இல்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பது பிடிக்காமல், பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கேட்டவர் அவர். லண்டன் போய்ப் படித்துவிட்டுத் திரும்பியபின் ஆளே மாறிவிட்டார். 1931-ல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக்கினார், 1933-ல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி. 1936-லிருந்து நூலகம் இப்போதைய சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

கோலன் முறையில் ஓர் எண்ணை எப்படிப் படிப்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து இலக்கியத்துக்கு. அடுத்து வரும் 31 தமிழுக்கு. ஒரு காற்புள்ளி போட்டு 1 வந்தால் கவிதை, 2 வந்தால் நாடகம், 3 வந்தால் புனைகதை. ஆக, ‘ஓ 31, 1’ என்றால் தமிழ்க் கவிதை. முதல் நாள் இது ரகசிய மொழி மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். அப்புறம் தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் நாலு புத்தகங்களும் உங்கள் கைக்கு வரும். என் ஆய்வேட்டுத் தலைப்பு அப்படிப் பக்கத்தில் நின்ற ஒரு மெல்லிய புத்தகத்திலிருந்துதான் கிடைத்தது.

நூலக அட்டைக்கு அடையாள அட்டை நகலும் இரண்டு பாஸ்போர்ட் அளவு படமும் எடுத்துப் போங்கள். எப்போதும் கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். பழைய இதழ்களின் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். பேனா மையோ வேகமாகப் புரட்டும் விரலோ ஒரு பக்கத்தை நிரந்தரமாக அழித்துவிடும். கேட்ட நூல் இல்லை என்று கணினி சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நூலகப் பணியாளரிடம் ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-ல் ஓர் இணைப்பாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை ஒரு முறையாவது கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த வேலை. செல்பேசியில் இப்போது அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் ஒரு சொல்லைத் தேடும்போது அதன் மேலும் கீழும் இருக்கும் பத்துச் சொற்கள் கண்ணில் படுவது தாளில்தான்.

இங்கே கிடைக்காதது வேறு எங்கே கிடைக்கும்? எழும்பூரில் கன்னிமாரா, 1896-லிருந்து இருப்பது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், கிண்டி வளாகத்துக்கு எட்டும் தூரம். பழைய தமிழ் அச்சு நூல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் ஆய்வு செய்பவர்கள் அங்கே போகாமல் சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், எழுதக் கூடாது என்பேன்.

தங்குவது, சாப்பிடுவது

விடுதிக்குச் சேர்க்கை நாளன்றே விண்ணப்பியுங்கள். இடம் குறைவு. கிடைக்கும்வரை பையன்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள், அதாவது வாடகை அறை விடுதிகள், உண்டு. அறையைப் பார்க்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். கிழக்கே திறந்தால் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும், மே மாதத்தைத் தாண்டிவிடலாம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மேலாளரிடம் கேட்காமல் அங்கே தங்கியிருப்பவரிடம் கேளுங்கள். முன்பணத்துக்கு ரசீது கட்டாயம். பெண்கள் பல்கலைக்கழக விடுதி கிடைக்கும்வரை சீனியர் அக்காக்கள் சொல்லும் தனியார் விடுதியில் சேருங்கள். விளம்பரத்தில் பார்த்த இடத்துக்கு முதல் தடவை தனியாகப் போக வேண்டாம்.

மெஸ்ஸில் மாதக் கணக்கு வைப்பதைவிட டோக்கன் நல்லது. ஊருக்குப் போகும் நாட்களின் காசு மிஞ்சும். ரம்ஜான் மாதம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைப் பக்கம் மாலையில் ஒரு நடை போய் வாருங்கள். பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள் விற்கும். பாடநூல்களைப் புதிதாக வாங்கும் முன் அங்கே ஒரு சுற்று. கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தபிறகே பேரம் பேசுங்கள்.

வகுப்பும் ஆய்வும்

முதுகலையில் பிற துறைப் பாடம் ஒன்றை விருப்பமாக எடுக்க வாய்ப்பு வரும். நண்பர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள் என்று சுலபமானதை எடுக்காதீர்கள். தமிழ் மாணவர் தொல்லியல் எடுக்கலாம், வரலாற்று மாணவர் ஒரு மொழி எடுக்கலாம். ஆனால் அந்தத் துறை வேறு வளாகத்தில் இருந்தால் இரண்டு வகுப்புக்கும் நடுவே போய்ச் சேர முடியுமா என்று நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பறக்கும் ரயில் நினைத்தவுடன் வராது.

முனைவர் பட்டத்துக்கு வருபவர்கள் நெறியாளரைத் தேடும்போது அவர் பெயரை மட்டும் பார்க்காமல், அவரிடம் முடித்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள். எத்தனை வருடம் ஆனது, எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை எத்தனை நாளில் படித்துத் திருப்பினார் என்று கேளுங்கள். வேறு எந்தக் கேள்வியைவிடவும் இந்த இரண்டும் உங்களுக்குப் பயன்படும்.

முதல் சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். காலையில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி, பாரதி சாலை வழியாகக் கடற்கரைக்கு நடங்கள். மெரினா வளாகத்தைப் பாருங்கள். வடக்கே திரும்பி மாநிலக் கல்லூரியைக் கடந்து, வாலாஜா சாலையைத் தாண்டி, செனட் ஹவுஸ் வரை வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் நூலகத்துக்குள் போய்விடலாம். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றால், சேர்க்கை ரசீதைக் காட்டி உள்ளே உட்கார்ந்து படிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். என்னை அப்படித்தான் விட்டார்கள்.